அமெரிக்காவில் பொதுத் துப்பாக்கி சுடும் தளம் தேடுகிறீர்களா? நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பீனிக்ஸ் நகருக்கு வடக்கே பென் ஏவரி என்றொரு துப்பாக்கி சுடும் தளம், அதாவது ரேஞ்ச், இருக்கிறது. அரிசோனா மாநில வனவிலங்குத் துறை நடத்துவது. 1,600 ஏக்கருக்கு மேல் பரப்பு. சனிக்கிழமை காலையில் இலக்குத் தாளும் ஒரு சின்ன ரைஃபிளும் எடுத்துக்கொண்டு அங்கே போவது எனக்குப் பல வருஷப் பழக்கம். இதைத் தெரிந்துகொண்ட நண்பர்கள், அப்புறம் அவர்களுடைய நண்பர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்: "எங்க பக்கம் இப்படி ஒரு இடம் இருக்கா? நாங்களும் போகலாமா?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்குவது, வேட்டைக்குப் போவது எல்லாம் வேறு பேச்சு. தாளில் இருக்கும் வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதற்கு நல்ல இடம் எப்படித் தேடுவது என்பது மட்டும்தான் இங்கே.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரேஞ்சுக்குப் போய்ச் சுடலாமா?

தளம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் முதல் கேள்வியாக வைத்தேன்.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, பி-2 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. சொந்தமாக வாங்கினால்தான் தப்பு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் கையில் பிடித்தாலும் சட்டத்தின் கணக்கில் அது வைத்திருந்ததுதான். நண்பர் தன் துப்பாக்கியை நீட்டி "ரெண்டு ரவுண்டு சுட்டுப் பாருடா" என்றாலும் அதே நிலைதான். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

தடைக்கு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் உங்கள் கையில் இருந்தால் இந்த மத்தியத் தடை உங்களைக் கட்டுப்படுத்தாது. மீன்பிடி உரிமம் இதற்குச் செல்லாது. மாநிலச் சட்டங்கள் தனி. அவற்றையும் பார்க்க வேண்டும்.

மீறினால் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆயுதக் குற்றம் என்பதால் நாட்டை விட்டு அனுப்பவும் அதுவே காரணமாகலாம். யார் இதற்கெல்லாம் வழக்குப் போடப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ரெஹாய்ஃப் வழக்கைச் சொல்வேன். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் ஃப்ளோரிடாவுக்குப் படிக்க வந்தவர். மதிப்பெண் குறைந்து பல்கலைக்கழகம் நீக்கிய பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டார். ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், கைதானார். 2019-ல் உச்ச நீதிமன்றம், தான் சட்டப்படி தங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே வந்தது. ஆனாலும் ரேஞ்சில் சுட்ட ஒரு நாளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டி வந்ததை யோசித்துப் பாருங்கள்.

கவுன்டரில் பெரும்பாலும் யாரும் விசா கேட்க மாட்டார்கள். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் உள்ளே விட்டுவிடுவார்கள். அந்தப் படிவத்தில் "எனக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது போன்ற இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆபீஸில் டீம் அவுட்டிங்கையே ரேஞ்சில் வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

டெக்சாஸ், அரிசோனா பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. ஏற்பாடு செய்யும் மேலாளருக்கு விசா விதி தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. "என் விசாவில் துப்பாக்கியைத் தொட அனுமதி இல்லை, வந்து உங்களோடு இருக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போகலாம், கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், சாப்பிடலாம். துப்பாக்கியும் தோட்டாவும் மட்டும் கைக்கு வரக்கூடாது. போட்டோவுக்காகப் பிடித்துக்கொள்வதும் கூடாது. அந்த போட்டோ சமூக வலைத்தளத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும்.

அம்மா அப்பா விசிட் வந்திருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பி-2 விசாவுக்கும் அதே தடைதான். பார்வையாளராகக் கூட்டிப் போகலாம். காதுக் கவசம் கட்டாயம். அப்பாவுக்குக் காதில் மெஷின் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கவசம் போடச் சொல்லுங்கள்.

வேட்டை உரிமம் எடுப்பது கஷ்டமா? எனக்கு எந்த உயிரையும் கொல்ல விருப்பமில்லை.

உரிமம் எடுத்தவர் வேட்டைக்குப் போயே ஆக வேண்டும் என்று எந்த மாநிலமும் சொல்வதில்லை. மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பல மாநிலங்களில் அதற்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த வகுப்பு கட்டாயம். 17 வயது முடிந்தவர்கள் ஒரே ஒரு முறை தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். நான் சொல்வேன், தள்ளிப்போடாதீர்கள். துப்பாக்கியை எப்படி வாங்கிக் கையில் பிடிப்பது, காலியா என்று எப்படிப் பார்ப்பது, குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் அந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். சுடாதவர்களுக்கும் பயன்படும்.

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. பென்சில்வேனியா, நியூ ஜெர்சி ஆகிய இரு மாநிலங்களிலும் அரசு நடத்தும் ரேஞ்சுகளுக்கு வேட்டை உரிமம் வேண்டும், இல்லையென்றால் ரேஞ்சுக்கென்று விற்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு எடுப்பது சுலபம் என்று நம் ஆட்கள் அதையே எடுக்கிறார்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அது போதும். விசாவில் இருப்பவர்களுக்குப் போதாது. ரேஞ்ச் சீட்டு வேட்டை உரிமம் ஆகாது. மத்தியச் சட்டத்தின் தடை அப்படியே இருக்கும்.

எத்தனை வகை ரேஞ்ச் இருக்கிறது? "பொது" என்றால் இலவசமா?

நான்கு வகையாகச் சொல்லலாம்.

ஊருக்குள், கடைத்தெருவிலேயே இருப்பது தனியார் உள்ளரங்கு ரேஞ்ச். யார் வேண்டுமானாலும் பணம் கட்டி நுழையலாம். துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும், ஏசி இருக்கும். விலை அதிகம், புகை அதிகம், சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். முதல் அனுபவத்துக்கு வசதியான இடம்.

அடுத்தது அரசுத் தளங்கள். மாநில வனவிலங்குத் துறையோ, கவுன்ட்டி நிர்வாகமோ நடத்துவது. திறந்தவெளி, சுடும் இடத்துக்கு எதிரே பெரிய மண்மேடு. கட்டணம் மிகக் குறைவு, சில இடங்களில் இலவசமே. எனக்குப் பிடித்தது இந்த வகை. இவை எப்படி வந்தன என்பது சுவாரசியமானது. 1937-ல் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. ரைஃபிள், ஷாட்கன் என்ற சிதறுகுண்டுத் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி (இப்போது 11 சதவீதம்) வசூலித்து, வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் ஏற்பாடு. பின்னால் கைத்துப்பாக்கிக்கு 10 சதவீத வரியும், வில் அம்புக்கு வரியும் சேர்ந்தன. அந்தப் பணத்தின் ஒரு பகுதியில்தான் பொது ரேஞ்சுகள் கட்டப்படுகின்றன. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ரேஞ்ச் கட்டும் செலவில் 90 சதவீதம் வரை மத்திய நிதியிலிருந்து எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். முன்பு 75 சதவீதம்தான். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் அந்த வரி இருக்கிறது. அதனால் அரசு ரேஞ்சில் போய் நிற்கத் தயங்கவே வேண்டாம்.

மூன்றாவது உறுப்பினர் கிளப். அமைதியான இடம், நல்ல மனிதர்கள். ஆனால் காத்திருப்புப் பட்டியல், பரிந்துரை, வருஷச் சந்தா என்று இருக்கும். ஒரு வருஷம் பொது ரேஞ்சில் பழகிய பிறகு யோசிக்கலாம்.

நான்காவது, காட்டிலும் பாலையிலும் கிடக்கும் திறந்த அரசு நிலம். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

சரி, எங்கே தேடுவது?

கூகுள் வரைபடத்தில் தேடினால் விளம்பரம் கொடுக்கும் தனியார் ரேஞ்சுகள்தான் முதலில் வரும். அரசுத் தளங்கள் கண்ணிலேயே படாது. அதனால் உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்துக்கு நேராகப் போங்கள். துறையின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 'மீன் வனவிலங்கு', 'இயற்கை வளம்', 'வேட்டை ஆணையம்' என்று ஏதோ ஒன்று. உள்ளே ரேஞ்சுகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். மிசௌரி மாதிரி சில மாநிலங்கள் பணியாளர் உள்ள ரேஞ்ச், பணியாளர் இல்லாத ரேஞ்ச் என்று பிரித்தே பட்டியல் போடுகின்றன. அந்தப் பிரிவு மிக முக்கியம், பின்னால் சொல்கிறேன். துப்பாக்கித் தொழில் சங்கமான என்எஸ்எஸ்எஃப் 'வேர் டு ஷூட்' என்ற பெயரில் நாடு முழுவதற்கும் ஒரு தேடல் வசதி வைத்திருக்கிறது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, பொதுமக்களுக்குத் திறந்ததா என்று வடிகட்டிப் பார்க்கலாம்.

கவுன்ட்டி பூங்காத் துறையையும் விட்டுவிடாதீர்கள். ஹூஸ்டனில் கேட்டி பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு ஜார்ஜ் புஷ் பூங்கா தெரிந்திருக்கும். அந்தப் பூங்காவுக்குள்ளேயே ரேஞ்ச் இருக்கிறது. லாஸ் வேகஸில் கிளார்க் கவுன்ட்டி நடத்தும் வளாகம் ஏறக்குறைய 2,900 ஏக்கர். அலபாமாவின் டாலடேகாவில், பொதுமக்களுக்குக் குறிபார்த்துச் சுடப் பழக்கும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு 2015-ல் திறந்த 500 ஏக்கர் பூங்காவில் மின்னணு இலக்குகள் உண்டு; குண்டு எங்கே பட்டது என்று உங்கள் பக்கத்துத் திரையிலேயே தெரிந்துவிடும். அட்லாண்டாவிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

ஒரு ரேஞ்ச் நல்ல ரேஞ்சா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தூரம், கட்டணம், கார் நிறுத்துமிடம் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். "நிறுத்து" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா, அவர் சொன்னால் எல்லோரும் நிறுத்துகிறார்களா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த ஆளுக்கு ரேஞ்ச் பாதுகாப்பு அதிகாரி என்று பெயர். எல்லோரும் ஆர்எஸ்ஓ என்பார்கள்.

ஆரம்பத்தில் ஒரு முறை, வேறொரு ஊரில், பணியாளர் யாரும் இல்லாத ஒரு தளத்துக்குப் போயிருந்தேன். எங்களையும் சேர்த்து மூன்று குடும்பம். தாள் மாற்றலாம் என்று பேசிக்கொண்டு எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தோம். நான் ஐம்பது கெஜம் நடந்து போய்த் தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், கடைசி மேஜையில் ஒரு பையன் உட்கார்ந்து ரைஃபிளின் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குழல் எங்கள் பக்கம். துப்பாக்கி காலியாகத்தான் இருந்தது, பிறகு பார்த்தோம். ஆனால் அந்த இரண்டு நொடி என் முதுகுத்தண்டில் இன்னும் இருக்கிறது. பையன் மேல் தப்பில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கே மூட்டை கட்டினேன். அதிலிருந்து ஆர்எஸ்ஓ இல்லாத இடத்துக்குத் தெரியாதவர்களோடு நான் போவதில்லை. புதியவர்கள் யாரையும் அனுப்புவதும் இல்லை.

போவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். எப்போதும் ஆர்எஸ்ஓ இருப்பாரா, முதல் முறை வருபவர்களுக்குப் பாதுகாப்பு விளக்கம் உண்டா, எந்த நேரம் கூட்டம் குறைவு, துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்குமா, எந்த வகைத் தோட்டா கூடாது, எத்தனை வயதுக் குழந்தையைக் கூட்டி வரலாம் என்று கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

முதல் நாள் அங்கே என்ன நடக்கும்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

கவுன்டரில் அடையாள அட்டை, படிவம், கட்டணம். அங்கேயே "நான் புதுசு" என்று சொல்லிவிடுங்கள். ஒரு மேஜை எண் கொடுப்பார்கள். துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம் என்று சொல்லும் வரை எடுக்கக்கூடாது. எடுக்கும்போது குழல் மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும்.

சுடும் நேரத்தை "ரேஞ்ச் ஹாட்" என்பார்கள். அப்போது யாரும் கோட்டைத் தாண்ட மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து "சீஸ் ஃபயர்" என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் விசையிலிருந்து விரலை எடுத்து, தோட்டாவை இறக்கி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையைத் திறந்து, ரைஃபிளை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் இருக்கும் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். திறந்த அறைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடியைச் செருகச் சொல்வார்கள். அது செருகியிருந்தால் தோட்டா இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். ஆர்எஸ்ஓ ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு போவார். அப்புறம்தான் "ரேஞ்ச் கோல்ட்". அதுவரை டமார் டமாரென்று இருந்த இடத்தில் திடீரென்று குருவிச் சத்தம் கேட்கும். எல்லோரும் ஸ்டேப்ளரும் புதுத் தாளும் எடுத்துக்கொண்டு இலக்கை நோக்கி நடப்பார்கள். அந்த நேரத்தில் பின்னால் நிற்பவர்கள் மேஜையில் கை வைக்கக்கூடாது. துப்பாக்கியைத் துடைப்பது, பையில் துழாவுவது, எதுவும் கூடாது. இந்த ஒழுங்குக்காகவே நான் பென் ஏவரிக்குப் போகிறேன். ஐம்பது பேர் ஆயுதத்தோடு இருக்கும் இடத்தில் ஒரே குரலுக்கு ஐம்பது பேரும் கையை எடுப்பதைப் பார்க்கும்போது மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

"சீஸ் ஃபயர்" என்று ஆர்எஸ்ஓ மட்டும்தான் கத்த வேண்டும் என்றில்லை. ஆபத்தான எதையாவது பார்த்தால் நீங்களும் கத்தலாம், கத்த வேண்டும்.

எங்கே போனாலும் நான்கு விதி மனப்பாடமாக இருக்கட்டும். எந்தத் துப்பாக்கியும் நிரம்பியிருக்கிறது என்றே எண்ணு. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இந்த நான்கில் ஒன்று தவறினால் இன்னொன்று காப்பாற்றும். இரண்டு தவறும்போதுதான் ஆள் சாகிறார்.

எந்தத் துப்பாக்கியில் தொடங்கலாம்? வாடகைக்குக் கிடைக்குமா?

.22 ரைஃபிள், அதாவது மிகச் சிறிய தோட்டா போடுவது. வேறு எதையும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தோளில் உதை இல்லை, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. பெரிய துப்பாக்கியை முதலில் கொடுத்து, ஆள் பின்னால் சாய்வதை வீடியோ எடுத்துச் சிரிக்கும் நண்பர்கள் உண்டு. அப்படித் தொடங்கியவர்கள் விசையை அழுத்தும்போதெல்லாம் கண்ணை மூடுவார்கள், அந்தப் பழக்கம் போக மாதக்கணக்கில் ஆகும்.

அரசுத் தளங்களில் பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்காது, சொந்தத் துப்பாக்கி வேண்டும். அதனால் முதல் சில முறை பயிற்சியாளர் உள்ள உள்ளரங்கு ரேஞ்சுக்குப் போய்விட்டு, பிடித்திருந்தால் அரசுத் தளத்துக்கு வாருங்கள். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப், ஸ்கீட் தளங்களும் நல்ல தொடக்கம். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஷாட்கன் உதைக்கும், ஆனால் தட்டு காற்றில் தூளாகிறபோது வரும் சந்தோஷத்துக்கு ஈடில்லை.

தனியாகப் போனேன், வாடகைக்குத் துப்பாக்கி தர மறுத்துவிட்டார்கள். நிறத்தைப் பார்த்து மறுத்தார்களோ?

அநேகமாக இருக்காது. சொந்தத் துப்பாக்கி இல்லாமல் தனியாக வருபவருக்கு வாடகைக்குக் கொடுப்பதில்லை என்பது பல ரேஞ்சுகளின் விதி. வாடகைத் துப்பாக்கியால் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. கூட ஒருவரை அழைத்துப் போனால் கொடுப்பார்கள். இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நண்பர் யாராவது மனசு சரியில்லாத நேரத்தில் திடீரென்று ரேஞ்சுக்குப் போகலாம் என்றால், அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லி, கூட உட்கார்ந்து பேசுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணில் எந்த நேரமும் உதவி கிடைக்கும்.

என்ன போட்டுக்கொண்டு போவது? என்ன எடுத்துக்கொண்டு போவது?

கழுத்தை ஒட்டிய டீ-ஷர்ட், மூடிய ஷூ. சுட்டதும் பித்தளைக் கூடு கொதிக்கக் கொதிக்க வெளியே தெறிக்கும். அகலக் கழுத்து உடையில் அது உள்ளே விழுந்துவிட்டால் ஆள் துள்ளுவார், கையில் துப்பாக்கியோடு திரும்புவார். அந்த நொடியில்தான் விபத்து நடக்கும். சூடு பட்டாலும் முதலில் துப்பாக்கியைக் குழல் முன்னோக்கியபடி வைத்துவிட்டு அப்புறம் கூட்டை எடுங்கள். முன்பக்கம் விளிம்புள்ள தொப்பி ஒன்று, கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவே கூடு விழாமல் காக்கும்.

துப்பாக்கி வெடிப்பு 140 டெசிபலுக்கு மேல் போகும். ஒரே ஒரு வெடிப்பே காதைக் கெடுக்கப் போதும். உள்ளரங்கில் பஞ்சு அடைப்பான், அதன் மேல் கவசம், இரண்டும் போடுங்கள்.

தோட்டா விஷயத்தில் ஒன்று: குண்டில் எஃகு இருந்தால் பல ரேஞ்சுகள் அனுமதிக்காது. காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பென்சில்வேனியா அரசு ரேஞ்சுகளில் ஒரு நேரத்தில் ஆறு தோட்டாவுக்கு மேல் நிரப்பக்கூடாது. இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விதி இருக்கும், வாசலில் உள்ள பலகையை நின்று படியுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

ரேஞ்சுக்கு ரேஞ்ச் வயது வரம்பு மாறும். நான் வயதைப் பார்ப்பதில்லை. "நில்" என்றால் நிற்கிற பிள்ளையா என்று பார்க்கிறேன். பத்து வயதில் அப்படி இருக்கும் பிள்ளைகளும் உண்டு, பதினாறு வயதில் இல்லாதவர்களும் உண்டு.

ஈயத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். குண்டும், தோட்டாவைப் பற்றவைக்கும் பொருளும் ஈயம் கலந்தவை. அது தூசியாகக் கையிலும் தலைமுடியிலும் சட்டையிலும் படிகிறது. உள்ளரங்கில் காற்றோட்டம் சரியில்லை என்றால் மூச்சிலும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் ரேஞ்சுக்கு வரவே வேண்டாம். மற்றவர்கள் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவுங்கள். கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து சட்டையைத் தனியாகத் துவைத்து, தலைக்குக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கும், விசாத் தடை உள்ள பெரியவர்களுக்கும் காற்றுத் துப்பாக்கியும் வில் அம்பும் நல்ல வழி. மத்தியச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கி துப்பாக்கி வகையில் வராது. ஆனால் நியூ ஜெர்சி மாதிரி சில மாநிலங்கள் அதையும் துப்பாக்கியாகவே கருதுகின்றன, அங்கே கவனம். வில் அம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. பென் ஏவரியிலேயே வில்வித்தைக்குத் தனித் தளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

காட்டுப் பக்கம் போய்ச் சும்மா சுடலாம் என்கிறார்களே?

மேற்கு மாநிலங்களில் நில மேலாண்மைத் துறையின் கையில் பரந்த நிலம் இருக்கிறது. மூடப்பட்டதாக அறிவிக்காத இடங்களில் பெரும்பாலும் இலக்குப் பயிற்சிக்கு அனுமதி உண்டு. தேசியக் காடுகளிலும் உண்டு. ஆனால் வீடு, கட்டடம், முகாம், ஆட்கள் இருக்கும் இடம் இவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள் கூடாது. காட்டுச் சாலைக்கோ நீர்நிலைக்கோ குறுக்கே கூடாது. தேசியப் பூங்காக்களில் சுடவே கூடாது. இரண்டும் வேறு வேறு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அனுமதி இருக்கிறது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. சின்ன .22 குண்டே ஒரு மைலுக்கு மேல் போகும். பின்னால் உயரமான மண்மேடோ மலைச்சரிவோ இல்லாத இடத்தில் சுடவே கூடாது. பாறையில் பட்டுத் திரும்பும், தண்ணீரில் பட்டும் தாவும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். பயிற்சி பெற்றவர்கள், முறையான தளம், அப்படியும் நடந்தது. பாலைவனத்தில் புதருக்குப் பின்னால் யாரும் இல்லை என்று எதை வைத்துச் சொல்வோம்?

தீயும் இருக்கிறது. 2017 ஏப்ரலில் அரிசோனாவில் பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்க வெடிக்கும் இலக்கைச் சுட்டதில் பற்றிக்கொண்ட காட்டுத் தீ (சாமில் தீ என்று பெயர்), ஏறக்குறைய 47,000 ஏக்கரை எரித்தது. கோடையில் தீத்தடை அறிவித்தால் சுடுவதும் நின்றுபோகும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய டிவி, கண்ணாடி பாட்டில் இவற்றை இலக்காக வைக்க வேண்டாம். சகுவாரோ கள்ளிச் செடியைச் சுடுவது அரிசோனாவில் குற்றம். நம்மைவிட வயதான செடிகள் அவை. போன இடத்தில் கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்து வந்துவிடுங்கள், மற்றவர்கள் போட்டதையும் சேர்த்து.

காரில் எப்படி எடுத்துப் போவது? விமானத்தில் ஊருக்குப் போகும்போது?

காரில் துப்பாக்கி காலியாக, பெட்டியில் பூட்டி, டிக்கியில், தோட்டா தனியாக. மாநில எல்லை தாண்டினால் அங்குள்ள விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேராக ரேஞ்சுக்கு, நேராக வீட்டுக்கு.

இரண்டாவது கேள்விக்கு அழுத்தமாகச் சொல்கிறேன். ரேஞ்சுக்கு என்று ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். பக்கத்து ஜிப்பில் மறந்துபோன ஒரே ஒரு .22 தோட்டா போதும். இங்கே விமான நிலையச் சோதனையில் அபராதம் வரலாம். சென்னை விமான நிலையத்தில் எடுத்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. ஒற்றைத் தோட்டாதான், பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும். நினைவுக்காகக் காலிக் கூட்டைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போவதும் வேண்டாம்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பப் போகிறோம். அங்கே இதைத் தொடர முடியுமா?

முடியும், ஆனால் வழி வேறு. பணம் கட்டி நேராக உள்ளே போகிற பொது ரேஞ்ச் அங்கே வழக்கமில்லை. சென்னை, கோவை மாதிரி ஊர்களில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. உறுப்பினராகச் சேர்ந்து பழக வேண்டும். இவற்றுக்கு மேலே மாநிலச் சங்கம், அதற்கு மேலே 1951-ல் தொடங்கிய இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கம். முதல் தலைவர் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர்.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குவதுதான் அங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. எளிதென்று நினைக்க வேண்டாம். காற்று ரைஃபிள் பிரிவில், பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். களிமண் தட்டு பிடித்தவர்களுக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வரட்டும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் அந்த ஊர்க்காரர்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர்களுக்கு உறுப்பினர் சேர்க்கையில் விதி வேறாக இருக்கலாம். ஊருக்குக் கிளம்பும் முன்பே கிளப் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம்.